அயோத்தியில் கல்யாண் சிங்கைத் தேடி

பாட்டி சாகும்வரை, நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் தான் சேவிக்காத ஊர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். கடைசிவரை அந்தக் கணக்கில் நின்றது அயோத்தி. 2024 நவம்பரில் அவளுக்காகத்தான் கிளம்பினேன். ஆனால் ரயிலில் படிக்க நான் எடுத்துப்போனது 1994இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பின் நகல். ராமனுக்கு அடுத்தபடி அந்தப் பயணம் முழுக்க என் மனதில் இருந்தவர், பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது உத்தரப் பிரதேச முதல்வராக இருந்த கல்யாண் சிங்.

நம் ஊரில் அயோத்தி என்றதும் அத்வானியைத்தான் சொல்வார்கள். 1990 செப்டம்பர் 25இல் குஜராத்தின் சோமநாத்தில் கிளம்பிய ரதம், அக்டோபர் 23இல் பீகாரின் சமஸ்திபூரில் அவர் கைதானது எல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் 1992 டிசம்பர் 6 அன்று உத்தரப் பிரதேசத்தின் போலீஸ் யார் கையில் இருந்ததோ, அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

லக்னோவில் இறங்கி, முதல்வர்கள் குடியிருக்கும் காளிதாஸ் மார்க் பக்கமாக ஒரு நடை போய்விட்டு பஸ் ஏறினேன். அயோத்தி அங்கிருந்து சுமார் 135 கிலோமீட்டர். வழியெல்லாம் கரும்பும் பனிமூட்டமும். ஊருக்குள் நுழைந்ததும் ராம்பத் என்கிற 13 கிலோமீட்டர் நீளமுள்ள அகலமான சாலை. இரண்டு பக்கமும் கடைகளுக்கு ஒரே சாயம். இ-ரிக்‌ஷா ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் ஓட்டை ஹிந்தியில் கல்யாண் சிங் என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"பாபுஜியா? ராமருக்காக நாற்காலியையே விட்டவர் பையா. இப்ப இருக்கிறவங்கள்ல யார் விடுவாங்க?"

கொஞ்ச தூரம் போனதும் அவரே, "இந்த ரோட்டுக்காக எங்க அண்ணன் கடை பாதி போச்சு" என்றார். அந்த ஆண்டு ஜூனில், கோயில் திறந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், அயோத்தி அடங்கிய பைசாபாத் தொகுதியில் பாஜக தோற்றிருந்தது. காரணத்தை நான் அவரிடம் கேட்கவில்லை.

கல்யாண் சிங் அலிகார் பக்கத்து அத்ரௌலிக்காரர். லோத் என்ற உழவர் சாதி. பள்ளி ஆசிரியராக இருந்து, ஆர்.எஸ்.எஸ். வழியாக, பாஜகவின் முன்னோடியான ஜனசங்கத்துக்கு வந்து, 1967இல் அத்ரௌலியில் ஜெயித்தார். நெருக்கடி நிலையில் சிறை. மேல்சாதிக் கட்சி என்று பேர் வாங்கியிருந்த பாஜகவுக்கு, இடஒதுக்கீட்டுக்கான மண்டல் அலை அடித்த நேரத்தில் பிற்படுத்தப்பட்டோரின் முகமாக அவர் கிடைத்தார். 1991 ஜூன் 24இல் அம்மாநிலத்தின் முதல் பாஜக முதல்வர் ஆனார். பரீட்சையில் காப்பி அடித்தால் சிறை என்று சட்டம் கொண்டுவந்ததும் அந்த ஆட்சிதான். அதில் பழைய வாத்தியார் தெரிகிறார்.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். சர்ச்சைக்குரிய கட்டடத்தைக் காப்பது தன் அரசின் முழுப் பொறுப்பு என்று 1991 நவம்பரில் தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவில் அவர் உறுதி சொன்னார். அடுத்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கும் உறுதி போனது. அதை நம்பித்தான் கரசேவையை, அதாவது கோயில் கட்டும் தொண்டை, அடையாளத்துக்கு மட்டும் நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. டிசம்பர் 6 மாலைக்குள் மூன்று கும்மட்டங்களும் தரையில் கிடந்தன. கரசேவகர்கள் மீது சுடக்கூடாது என்று உத்தரவிட்டது தானே என்று பின்னால் அவர் மறைக்காமல் சொன்னார். அதிகாரிகள் தலையில் பழியைக் கட்டவில்லை. அன்று மாலையே ராஜினாமா செய்தார். 1990இல் முலாயம் சிங் ஆட்சியில் இதே ஊரில் போலீஸ் சுட்டுக் கரசேவகர்கள் செத்தது அவர் கண்முன் இருந்திருக்கும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று அயோத்தியில் சுடாத துப்பாக்கிக்குப் பின் நாடெங்கும் கலவரத்தில் இரண்டாயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள்.

1994 அக்டோபர் 24இல் நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு ஒரு நாள் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் கிடைத்தன. மசூதி இடிப்புக்கான தண்டனை அது என்றே பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை. 1992 ஜூலையில் தடையை மீறி அங்கே ஒரு சிமெண்ட் மேடை எழும்ப விட்டதற்கான தண்டனை அது. இடிப்பு குறித்த அவமதிப்பு வழக்கு கிடப்பிலேயே கிடந்து, 2022 ஆகஸ்ட் 30இல் முடித்துவைக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 2021 ஆகஸ்ட் 21இல், அவர் இறந்துவிட்டார். இடிப்புச் சதி வழக்கிலோ 2020 செப்டம்பர் 30இல் 32 பேரும் விடுதலை. அவரும் அதில் ஒருவர். நடுவில் ஐந்தாண்டு ராஜஸ்தான் ஆளுநர். அந்தப் பதவி இருந்தவரை அவரை விசாரணைக்கு அழைக்கவே முடியவில்லை.

மறுநாள் விடியற்காலை சரயுவில் முழுகினேன். தண்ணீர் குத்தியது. அனுமன்கடியில் 76 படி ஏறி இறங்கி, கோயில் வரிசையில் நின்றேன். செல்போனைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். ராஜஸ்தான் இளஞ்சிவப்புக் கல், 392 தூண்கள், உச்சியில் இன்னும் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. மைசூர்ச் சிற்பி அருண் யோகிராஜ் செதுக்கிய 51 அங்குலக் குழந்தை ராமன். பாட்டி பேரைச் சொல்லிச் சேவித்தேன். கண் நிறைந்துவிட்டது. பின்னால் இருந்த அம்மாள் என் தோளைத் தட்டி நகரச் சொன்னார்.

வெளியே வந்து உட்கார்ந்தபோதுதான் மனது கனத்தது. அப்பா கொடுத்த வாக்கு பொய்க்கக் கூடாதென்று பதினான்கு வருஷம் காட்டுக்குப் போனவனின் ஊர் இது. அவனுக்குக் கோயில் வேண்டும் என்று கல்யாண் சிங் ஆசைப்பட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் பேரைச் சொல்லிக்கொண்டே கொடுத்த வாக்கை விட்டாரே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. 2019 நவம்பர் 9 தீர்ப்பில் நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்த அதே ஐந்து நீதிபதிகள், மசூதியை இடித்தது சட்டத்தை அப்பட்டமாக மீறிய செயல் என்றும் எழுதியிருக்கிறார்கள். முதல் பாதியைச் சொல்லும் பலகைகள் ஊர் முழுக்க இருக்கின்றன.

மூன்றாம் நாள் தன்னிப்பூர் போனேன். மசூதிக்கென்று சன்னி வக்பு வாரியத்துக்குக் கொடுத்த ஐந்து ஏக்கர் அங்கேதான், சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, லக்னோ நெடுஞ்சாலையை ஒட்டி. ஒரு தர்கா, பக்கத்தில் வெறும் நிலம், ஆடுகள், கிரிக்கெட் ஆடும் பையன்கள். தர்கா வாசலில் இருந்த பெரியவர் எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். என் பையில் இருந்த பாட்டிலைப் பார்த்து என்னவென்று கேட்டார். சரயு தண்ணீர், பாட்டிக்கு என்றேன்.

"மூடியை நல்லா இறுக்கிக்கோங்க, தூரப் பயணம்" என்றார். பிறகு நிலத்தைக் காட்டி, "அஞ்சு வருஷம் ஆச்சு பேட்டா. கட்டுவோம்னு சொல்லியிருக்காங்க."

மூடியை இறுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.