கச்சானுக்கு முன் பத்து நொடி

எங்கள் தமிழாசிரியர் காலமான செய்தி சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் வந்து ஒரு மணி நேரத்துக்குள் செயலாளர் என்னை அழைத்தார். "மலருக்கு அஞ்சலிக் குறிப்பை நீதான் எழுதோணும். அவரிட்ட ஆகக் கூடுதலா வாங்கிக் கட்டினது நீதானே" என்றார். மறுக்க முடியவில்லை.

1992ஆம் ஆண்டு, நாங்கள் பத்தாம் வகுப்பு. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் தாள் அருமையாகி, பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித் தாளில் வந்துகொண்டிருந்த காலம். கொப்பியின் ஓரத்தைக்கூட வீணாக்காத நான் அரைப்புள்ளியை மட்டும் அள்ளி இறைத்தேன். காற்புள்ளி சின்னப் பிள்ளைகளுக்கு உரியது என்றும், அரைப்புள்ளி இட்டால்தான் எழுத்தாளன் என்றும் எனக்கு ஓர் எண்ணம்.

நல்லூர்த் தேரைப் பற்றிய கட்டுரையின் முதல் வாக்கியம் இன்றும் மனப்பாடமாக இருக்கிறது: "நான் அதிகாலையில் எழுந்து; குளித்து; வேட்டி உடுத்து; நல்லூருக்குச் சென்று; தேரைக் கண்டு; கச்சான் வாங்கினேன்."

ஆசிரியர் என்னை, நான் இருந்த வாங்கின் மேல் ஏறி நின்று அதை வாசிக்கச் சொன்னார். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நாங்கள் ஒப்பித்தவர்கள்தான். ஒரு கைநொடிப் பொழுது ஒரு மாத்திரை என்பதும் தெரியும். அதை அவர் அப்படியே நிறைவேற்றினார். ஒவ்வோர் அரைப்புள்ளியிலும் என்னை நிறுத்தி, கையை உயர்த்தி, இரண்டு முறை விரலை நொடித்தார். கச்சானை அடைவதற்குள் பத்து நொடி. நாலாவது நொடியிலேயே வகுப்புச் சிரிக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து வகுப்பும் எட்டிப் பார்த்தது.

"எச்சம் முற்றைத் தேடிப் போய்க்கொண்டிருக்குது. அதை ஏனடா வழி வழியா மறிச்சு இறக்கிறாய்?" என்றார். பேருந்திலிருந்து இறக்கி ஏற்றப்பட்டே வளர்ந்த எங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஏட்டில் மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காத மொழியில், நிறுத்தக்குறியிட்டு உரைநடையை அச்சேற்றிய ஆறுமுக நாவலர் 1822இல் பிறந்த ஊர் நல்லூர் என்பதையும், அந்த ஊருக்கே போய் நான் இதைச் செய்திருக்கிறேன் என்பதையும் நினைவூட்டிவிட்டு, கரும்பலகையில் எழுதினார்: "தேர் அசைந்தது; சனம் அரோகரா என்றது; நான் கச்சான் வாங்கினேன்." எழுவாய் மூன்று, வினைமுற்று மூன்று. ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். ஆனாலும் காட்சி ஒன்றுதான்.

அன்று அது என் காதில் ஏறவில்லை. என் பெயர் 'கச்சான்' ஆகிவிட்டது. இம்மலரை வாசிப்பவர்களில் பலருக்கு என் மற்றப் பெயர் தெரியுமோ என்னவோ. பதினைந்து வயதுப் பையனை வாங்கில் ஏற்றாமலும் இதைக் கற்பித்திருக்கலாம் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால், இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டியதற்காக மகள் பல்கலைக்கழக ஆங்கிலக் கட்டுரையில் புள்ளி இழந்து வந்தபோது, "இரண்டு பக்கமும் தனியே நிற்குமா என்று பார், நின்றால் அரைப்புள்ளி" என்று யோசிக்காமல் சொன்னவனும் நான்தான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து வலிகாமமே வீதிக்கு வந்து மழையில் நகர்ந்தபோது, சைக்கிள் கரியரில் புத்தகக் கட்டோடு அவரைக் கண்டேன். நெரிசலில் பேச முடியவில்லை. அவர் திரும்பி வந்தார். நான் கனடாவுக்கு வந்தேன். இங்கிருந்து அவருக்குக் கடிதம் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். பிழை பிடிப்பார் என்ற பயத்தில் விட்டுவிட்டேன் என்று எல்லாரிடமும் பகிடியாகச் சொல்வேன். உண்மையில், விட்டுவிட்டு வந்தவன் எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அஞ்சலிக் குறிப்பில், "இடம்பெயர்ந்தார்; திரும்பினார்; ஓய்வுபெறும்வரை அதே வகுப்பறையில் கற்பித்தார்" என்று எழுதினேன். அரைப்புள்ளிகளைக் காற்புள்ளிகளாக மாற்றிச் செயலாளர் திருப்பி அனுப்பியிருந்தார். அச்சில் அழகாக இருக்குமாம். நான் மறுபடியும் மாற்றி அனுப்பியிருக்கிறேன்.