விளக்கு எரியும் ஊர்: டப்ளின், 1941

ஏப்ரல் 14
ஈஸ்டர் போய்விட்டது. பெல்ஃபாஸ்டிலிருந்து அக்கா கடிதம் இன்னும் இல்லை. தேயிலை வாரத்துக்கு ஆளுக்கு அரை அவுன்ஸ்தான். அதையே மூன்று தரம் கொதிக்க வைக்கிறேன்.

ஏப்ரல் 16
நேற்று ராத்திரி ஜெர்மன் குண்டு விழுந்து பெல்ஃபாஸ்ட் எரிகிறதாம். என் வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்திலிருந்தே வடக்கே போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பையன் வந்து சொன்னான். யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் கை தூக்கினாராம். நம் பிரதமர் டி வலேரா சரி என்று சொல்ல, 13 தீயணைப்பு வண்டிகள் எல்லை தாண்டியிருக்கின்றன. பெல்ஃபாஸ்ட் பிரிட்டனின் ஆட்சி நடக்கும் இடம். இந்த யுத்தத்தில் நாம் எந்தப் பக்கமும் இல்லை என்று ஒன்றரை வருஷமாகச் சொல்லிவருகிறோம். இதற்காக இங்கேயும் குண்டு போடுவார்களோ? போட்டால் குழந்தைகளை எங்கே கொண்டுபோவேன்? ஆனால் அங்கே எரிவது அக்கா வீடாக இருந்தால்?

ஏப்ரல் 17
வந்துவிட்டார். திறந்த வண்டியில் தொங்கிக்கொண்டு போனதில் விரல்கள் மரத்துவிட்டன. நிலத்தடிக் குழாய்கள் உடைந்து தண்ணீரே சரியாக வரவில்லையாம். நீச்சல் குளத்தில் பிணங்களை வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்களாம். அக்கா தெரு என்ன ஆயிற்று என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்த வாரத் தேயிலை முழுவதையும் அவருக்கே போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 21
வடக்கே இருப்பவர்களும் நம் மக்கள்தான் என்று டி வலேரா காஸில்பார் ஊரில் பேசியிருக்கிறார். தணிக்கைக்குப் பயந்து வானிலைகூடப் போடாத பேப்பர், இதைப் போட்டிருக்கிறது. அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 23
ஏமியன்ஸ் தெரு ஸ்டேஷனில் நாள் முழுக்க நின்றேன். ரயில் ரயிலாக ஜனங்கள் மூட்டையோடு இறங்குகிறார்கள். அக்கா இல்லை. வெளியே தெருவிளக்கைப் பார்த்த ஒரு சின்னப் பையன், "அணைக்கச் சொல்லும்மா, வந்துடுவாங்க" என்று அலறினான். நம் ஊரில் விளக்கு எரிகிறதே என்று எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

மே 2
கடிதம் இல்லை.

மே 5
மறுபடியும் பெல்ஃபாஸ்ட். அக்கா விலாசத்தை எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

மே 6
சீட்டு நனைந்து திரும்பி வந்தது.

மே 31
ராத்திரி 2 மணி இருக்கும். இங்கே டப்ளினிலேயே, நார்த் ஸ்ட்ராண்டில் குண்டு. எங்கள் ஜன்னல் கண்ணாடி முழுக்கப் படுக்கையில் கிடந்தது. ஜெர்மன் விமானமாம். வண்டி அனுப்பியதற்குத் தண்டனை என்று தெருவில் பேசுகிறார்கள். அப்படியே இருந்தாலும் அனுப்பியது சரிதான். அவர் இன்னும் அங்கே தோண்டிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 5
குண்டில் செத்தவர்களின் 12 சவப்பெட்டிகளை ஒன்றாக எடுத்துப் போனார்கள். டி வலேரா வந்திருந்தார். விளக்கைப் போடவே கை வரவில்லை.

ஜூன் 7
பெல்ஃபாஸ்ட் தபால் வந்தது. உறையில் இருப்பது அக்கா கையெழுத்து இல்லை. அவர் வரட்டும், பிரிக்கலாம்.