மூன்றாவது மாடிக்குத் தண்ணி வராது பாட்டி

நேற்று சாயங்காலம் மழை. கோலாலம்பூரில் சாயங்கால மழை ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எங்கள் மாடியில் அது செய்திதான். வானம் கறுத்த ஐந்தாவது நிமிடம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்துவிடும். "ஆயி, கறுக்குது. ஒன் துணிய எடுத்து வெச்சிட்டேன். கொட கொண்டு போனியா இல்லியா?" அனுப்புகிறவர் என் சொந்தப் பாட்டி இல்லை, எதிர்வீட்டு அண்ணனின் அம்மா. 2021 டிசம்பருக்கு முன்னால் அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

அந்த டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமையும் விடவில்லை. பருவமழை என்றால் கிளந்தான், திரங்கானு பக்கம் மூழ்கும், நாம் இங்கிருந்து அரிசி மூட்டை அனுப்புவோம், அதுதான் வழக்கம். அந்தத் தடவை கிள்ளான் பள்ளத்தாக்கே மூழ்கியது. ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா ஆற்றங்கரைப் பள்ளம், அங்கே ஆட்கள் மாடியிலும் கூரையிலும் உட்கார்ந்து படகுக்குக் காத்துக் கிடந்தார்கள். பாட்டியின் வீடு அங்கேதான். பக்கத்து வீட்டு மாடியில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும், அப்புறம் முன்பின் தெரியாத ஒரு மலாய்ப் பையனின் படகு, அப்புறம் பள்ளிக்கூடத்தில் நிவாரண மையம், அப்புறம் மகன் போய் இங்கே செந்தூலில் எங்கள் மாடிக்குக் கூட்டி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஐ.சி. என்கிற அடையாள அட்டை, பேங்க் புத்தகம், பிரஷர் மாத்திரை, டிவி ரிமோட்.

ரிமோட் ஏன் என்று கேட்டால், "கையில இருந்துச்சு, வந்துடுச்சு" என்பார். டிவி போய்விட்டது, தையல் மிஷின் போய்விட்டது, தாத்தாவின் ஒரே போட்டோ போய்விட்டது. அந்த வெள்ளத்தில் நாட்டுக்கு மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னபோது, அந்தப் போட்டோவை எந்த வரிசையில் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தேன். ரிமோட் இன்னும் இருக்கிறது, சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில்.

நான் முதலில் செய்ததெல்லாம் தப்பு. பீரோவில் இருந்த பழைய சேலை, ஜாக்கெட்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன், முகத்தில் ஒரு பரிதாபத்தையும் ஒட்டிக்கொண்டு. வாங்கி வைத்துக்கொண்டார். நான்கு நாள் கழித்து அதே பை என் கதவில் தொங்கியது. கிழிந்திருந்த இடத்தையெல்லாம் கையாலேயே தைத்து, மடித்து, திருப்பிக் கொடுத்திருக்கிறார். எனக்குக் காது சுட்டது. கிழிந்ததைத்தான் கொடுத்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரியும்.

அப்புறம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள், எவ்வளவு தண்ணி, பயமா இருந்துச்சா என்று. "வந்துச்சு, ஏறுனோம், எறங்குனோம்." மூன்றே வார்த்தை. அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

பேச்சு ஆரம்பித்தது வேறு ஒரு விஷயத்தில். ஒரு விடிகாலை, ஐந்து மணி இருக்கும், நான் வேலைக்குக் கிளம்பும்போது பாட்டி நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் வரலியா பாட்டி என்றேன். "பெரட்டுக்குப் போன ஒடம்பு, இந்த நேரத்துக்குத் தானா முழிச்சுக்கும்" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன்னே ஆள் கணக்கெடுப்பது. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருடத்துக்கும் மேல் பாலுக்கு மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும், அதனால் இருட்டிலேயே மரத்துக்குப் போக வேண்டும். ராத்திரி மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு பெய்தால் மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், உள்ள பால் தண்ணியோடு போய்விடும். எப்படியும் அன்றைய சம்பளம் போச்சு. "மழைன்னா எங்களுக்கு அடுப்பு எரியாது ஆயி." வானத்தைப் பார்த்துப் பயப்படுவது அவருக்கு ஸ்ரீ மூடாவில் வந்த புதுப் பழக்கம் இல்லை.

அன்றைக்கு நான் எல்.ஆர்.டி. ரயிலை விட்டேன், ஆபீசில் ஏச்சும் வாங்கினேன். பரவாயில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் பசியாறுவது. காண்டா வாளி, கம்பின் இரண்டு முனையிலும் தொங்குகிற பால் வாளி, தோளில் எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு துடைப்பத்தை வைத்துக் காட்டுவார். அவர் மகனுக்கு இதெல்லாம் கேட்டுச் சலித்த கதை, எனக்குப் புதுசு. என் பாட்டியும் தோட்டத்தில் இருந்தவர்தான், ஆனால் நான் ஒன்றும் கேட்டு வைக்கவில்லை.

அந்தத் தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் வந்தபோது தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கையில் கொடுத்த கொஞ்சப் பணத்தோடு கடனும் சேர்த்துத்தான் ஸ்ரீ மூடா வீடு. ஒரு தடவை காரில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மகன் பெயின்ட் அடித்து வாடகைக்கு விட்டிருக்கிறார், சுவரில் தண்ணி நின்ற கோடுகூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்து இரண்டு பேரும் அழுதார்கள், அப்புறம் யார் வீட்டு ஐஸ்பெட்டி மிதந்து யார் வீட்டுக்குள் போனது என்று சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில் தோட்டம் இருந்த இடத்தைக் காட்டினார். வரிசையாக அடுக்குமாடிகள். "தண்ணி வந்துச்சு, ரெண்டு நாள்ல வடிஞ்சு போச்சு. இது வடியுமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பச்சை விளக்கு விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் பின்னால் ஹார்ன் வாங்கினேன்.

மழை என்றால் பாட்டி செய்கிற வேலைகள் இன்னும் மாறவில்லை. சுவிட்சுகளை அணைப்பார், ஐ.சி.யை இடுப்பில் செருகிக்கொள்வார், வீட்டுச் செருப்பையெல்லாம் அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுவார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. லிப்டும் கிடையாது, அவர் முட்டி வலிக்கு அதுவே பெரிய தண்டனை. "மூணாவது மாடிக்குத் தண்ணி வராதும்மா" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். நானும் ஒரு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். பாட்டி கோபப்படவில்லை. "ஸ்ரீ மூடாவுலயும் வராதுன்னுதான் சொன்னாங்க" என்றார்.

நேற்று மஸ்ஜித் ஜாமெக்கில் கூட்டம் தாங்காமல் இரண்டு ரயிலை விட்டு, நனைந்து, ஒன்பது மணிக்குத்தான் வீடு வந்தேன். எதிர்வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. என் துணி மடித்து ஒரு பையில் கதவில் தொங்கியது. வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத்தான் காணவில்லை. போன் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் தேடினேன். என் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் பெட்டி மேல், ஜோடி ஜோடியாக, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தது.