கட்டியில் வைரஸ் இருந்தால் தொற்றுமா?

மாரில் புற்றுக் கட்டி என்று தெரிந்ததும், தனித் தட்டு, தனித் தம்ளர் எடுத்து வைக்கும் வீடுகள் நெல்லைப் பக்கம் இன்னும் இருக்கின்றன. "அதுக்கு வைரஸ்தான் காரணமாம்" என்று போனில் ஒரு செய்தி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மார்பகப் புற்று தட்டிலும் தம்ளரிலும் ஒட்டாது. ஆனால் வைரஸ் என்ற சந்தேகத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. அமெரிக்காவில் ஜான் பிட்னர் 1936-ல் எலிகளில் கண்டது அது. புற்று அதிகம் வரும் இனத்துக் குட்டிகளை வேறு இனத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டால் புற்று வெகுவாகக் குறைந்தது. பாலில் இருந்தது வைரஸ் என்று பிறகு புரிந்தது. 1995-ல் நியூயார்க்கில் பியட்ரிஸ் போகோவின் குழு, பெண்களின் கட்டிகளில் சுமார் 38 சதவீதத்தில் அந்த வைரஸை ஒத்த மரபணுத் துண்டு இருப்பதாகச் சொன்னது. வேறு சில ஆய்வகங்கள் தேடியும் கிடைக்கவில்லை.

கோளாறு பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனையில் இருக்கலாம். அது தூசியளவு டிஎன்ஏவையும் கோடிக்கணக்கில் பெருக்கிவிடும். ஆய்வகத்தில் எலி வளர்த்தால் போதும், அந்த வைரஸ் துண்டோடு எலி டிஎன்ஏ சோதனைக் குழாயில் புகுந்துவிடக்கூடும். அதனால் மாதிரி போடாமல் தண்ணீர் மட்டும் விட்ட குழாயையும் கூடவே ஓட்ட வேண்டும். எலி டிஎன்ஏ கலந்ததா என்று அறிய, எலியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் தனியே தேட வேண்டும். சதையைப் பதித்து வைத்த மெழுகைச் சீவும்போது ஒவ்வொன்றுக்கும் பிளேடை மாற்ற வேண்டும். இவை இல்லாத ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

கர்ப்பப்பைவாய்ப் புற்றில் நிலைமை வேறு. எச்பிவி என்ற வைரஸ் ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் இருக்கிறது. அதன் இ6, இ7 என்ற புரதங்கள் செல்லின் காவலை எப்படி உடைக்கின்றன என்பதும் தெரியும். மார்பகத்தில் அந்த அளவுக்குச் சான்று எந்த வைரஸுக்கும் இல்லை.

மாடுகளுக்கு ரத்தப் புற்று தரும் மாட்டு லுக்கேமியா வைரஸையும் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். டென்மார்க் அதைத் தன் மாடுகளிலிருந்து எப்போதோ ஒழித்துவிட்டது. மார்பகப் புற்று அங்கே இன்றும் அதிகம்தான். பாலைப் பொங்கக் காய்ச்சினால் அந்த வைரஸ் செத்துவிடும்.

எலிக் கதையைக் கேட்டுத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். மொத்தம் 12 மாதம் பால் கொடுத்தால் தாய்க்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம் குறையும். கீமோ மருந்து ஏறும் காலத்தில் கொடுக்கக் கூடாது. அதற்குக் காரணம் மருந்து, தொற்று அல்ல.

சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அக்காமார் கவனிக்க வேண்டியது வலிக்காத கட்டியைத்தான். காம்பு உள்ளிழுத்தாலும், ரத்தம் கசிந்தாலும், தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ அந்த வாரமே போங்கள். ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவிவிடும் என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். எந்த மருந்து கேட்கும் என்பதை அந்தச் சதையை வைத்துத்தான் சொல்ல முடியும்.