அக்கா அடகு வைத்த வீடு

நேற்று ராத்திரி முழுக்க அமெரிக்க சோல் பாடகர் ஓடிஸ் ரெட்டிங் பாட்டுதான். அவர் பாடிய ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கம்பெனி, ஜிம் ஸ்டூவர்ட் என்கிற பேங்க் ஊழியர் 1957-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஆரம்பித்தது. ரெக்கார்டிங் மெஷின் வாங்க அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் வீட்டையே அடகு வைத்தார். 1960-ல் ஒரு பழைய சினிமா தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். சீட்டுகளைப் பிடுங்கினார்கள், சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த சவுண்டுக்கு அதுவும் ஒரு காரணம். பாப்கார்ன் விற்ற இடத்தில் அக்காவின் ரெக்கார்டு கடை. புதுப் பாட்டைப் போட்டுவிட்டு, வந்த பசங்க ஆடுகிறார்களா என்று பார்ப்பாராம்!

1967 டிசம்பரில் விமான விபத்தில் ஓடிஸ் போய்விட்டார். வயசு 26. ஸ்டாக்ஸ் ரெக்கார்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் கம்பெனியோடு ஏற்கெனவே போட்டிருந்த ஒப்பந்தத்தை அடுத்த வருஷம் புரட்டினால், மாஸ்டர் டேப் எல்லாம், அதாவது பாட்டுகளின் மூலப் பதிவுகள், அட்லாண்டிக்குக்கே சொந்தம். ஸ்டூவர்ட் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேங்க்கில் வேலை பார்த்த மனுஷன்!