லிங்க்ஸ் உலாவியில் இணைப்பு விட்டு இணைப்பு

1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்து இன்றும் பராமரிக்கப்பட்டு வரும் லிங்க்ஸ், எழுத்தை மட்டுமே காட்டும் உலாவி. மவுசைத் தொடாமலேயே வேண்டிய பக்கத்துக்குச் சென்றுவிட முடிவதால் அதை நான் மிகவும் விரும்புகிறேன். புதிதாக அதைத் திறப்பவர்கள் அம்பு விசைகளிலேயே குழம்பி விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

லிங்க்ஸில் எப்போதும் ஓர் இணைப்பு தேர்வாகித் தனித்துத் தெரியும். கீழ் அம்பு அந்தத் தேர்வை அடுத்த இணைப்புக்கும், மேல் அம்பு முந்தைய இணைப்புக்கும் நகர்த்தும். திரையின் கடைசி இணைப்பில் நின்று கீழ் அம்பை அழுத்தினால் பக்கமே அடுத்த திரைக்கு நகரும். வலது அம்பு பக்கவாட்டில் உள்ள இணைப்புக்குக் கொண்டுசெல்லும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால், அது என்டர் விசையைப் போலவே தேர்வான இணைப்பைத் திறந்துவிடும். இடது அம்போ வந்த பக்கத்துக்கே திரும்ப அழைத்துச் செல்லும், அதுவும் நாம் விட்டுச் சென்ற அதே இணைப்பில் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே ஒரே வரியில் பல இணைப்புகள் இருந்தாலும் கீழ் அம்பைத்தான் அழுத்திச் செல்ல வேண்டும். அட்டவணையைப் போல இணைப்புகள் நெடுக்காக அமைந்த பக்கங்களில், கணிதத்தின் ‘விடப் பெரியது’, ‘விடச் சிறியது’ குறிகள் அதே நிரலில் கீழும் மேலும் தாவ உதவுகின்றன.

விக்கிப்பீடியா போல வரிக்கு வரி இணைப்புகள் நிறைந்த பக்கத்தில் அம்பு விசை மட்டும் போதாது. ‘ஓ’ விசையை அழுத்தி விருப்பத் தேர்வுகளைத் திறந்து, இணைப்புகளுக்கு எண் இடும்படி மாற்றிக்கொள்வதே முதலில் செய்ய வேண்டியது என்பேன். அதன்பின் ஒவ்வோர் இணைப்பின் முன்னும் சதுர அடைப்புக்குறிக்குள் எண் தெரியும். 45 என்று தட்டி என்டரை அழுத்தினால் 45ஆம் இணைப்பு திறக்கும். 45உடன் ‘ஜி’ சேர்த்துத் தட்டி என்டரை அழுத்தினால் அது திறக்காமல், தேர்வு மட்டும் அங்கே நகரும். ‘எல்’ விசை பக்கத்திலுள்ள இணைப்புகள் அனைத்தையும் ஒரே பட்டியலாகத் தரும்.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றோருக்கு இன்னொரு அமைப்பும் முக்கியமானது. இயல்பாகத் திரையின் கீழ் மூலையில் ஒதுங்கி நிற்கும் இடங்காட்டியை (கர்சரை), தேர்வான இணைப்பின் தொடக்கத்திலேயே நிற்கச் செய்யலாம். அப்போது இடங்காட்டியைப் பின்தொடரும் வாசிப்பான் சரியான இணைப்பைப் படிக்கும்.

தேடல் பெட்டி போன்ற உரைப்பெட்டிக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் எழுத்து விசைகள் கட்டளைகளாக வேலை செய்யாமல் பெட்டிக்குள்ளேயே எழுத்துகளாக விழும். மேல், கீழ் அம்புகளாலோ டேப் விசையாலோ வெளியே வந்துவிடலாம். என்டரை அழுத்திய பிறகே உரைப்பெட்டி எழுத்தை ஏற்கும்படியும் லிங்க்ஸை அமைத்துக்கொள்ளலாம்.