நம்பர் இல்லாதவள்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

எடிசன், நியூஜெர்சி. ஓக் ட்ரீ ரோட்டில் நகைக்கடை, புடவைக்கடை, சாட் கடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கறிவேப்பிலை பச்சையாகவே கிடைக்கிறது. முருங்கைக்காய்தான் பாக்கெட்டில் உறைந்து கிடக்கிறது.

ஒட்டியிருக்கும் விலை ஒன்று, பில்லில் வருவது ஒன்று. விற்பனை வரி 6.625 சதவீதத்தைக் கல்லாவில்தான் சேர்க்கிறார்கள். அரிசி, பருப்புக்கு வரி இல்லை, துணிமணிக்கும் இல்லை. ஷாம்புக்கு உண்டு. எம்ஆர்பி பார்த்துச் சில்லறை எடுத்து வைக்கும் பழக்கத்தை விட வேண்டியதுதான்.

அக்டோபர் 15, செவ்வாய்

தவணையில் போன் வாங்கப் போனோம். "சோஷியல்?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். ஒன்பது இலக்க சோஷியல் செக்யூரிட்டி நம்பர். இவருக்கு எச்-1பி, அதாவது வேலை விசா, அதனால் உண்டு. நான் எச்-4, அவர் மனைவியாக வந்த விசா. வேலை செய்ய அனுமதி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. நம்பர் இல்லாவிட்டால் கடன் வரலாறு இல்லை, அது இல்லாவிட்டால் தவணையும் இல்லை. கும்பகோணத்தில் வங்கியின் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்து, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவள் நான்!

2015 முதல் எச்-4 காரர்கள் சிலருக்கு வேலை அனுமதி கிடைக்கிறது. அதற்குப் பெரும்பாலும் கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். இவருடைய கம்பெனி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன் இவர் பெயரில் வந்தது. கரண்ட் பில்லும் இவர் பெயரில்தான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளியும், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனும் ஒரே நாளில். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளியல், மாலையில் வாசலில் பேய்கள். பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மிட்டாய்தான் தர வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஆந்திரா அக்கா முன்பே சொல்லியிருந்தார். சாக்லேட் கிண்ணத்தோடு நின்றேன். அவர் மகன் ஸ்பைடர்மேன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேசையில் இருந்த முறுக்கைக் காட்டி "அது" என்றான். இரண்டு எடுத்துக்கொண்டான். சாக்லேட்டையும் விடவில்லை.

பட்டாசு இல்லை. கம்பி மத்தாப்பு சட்டப்படி கொளுத்தலாம், ஆனால் எங்கள் அபார்ட்மெண்டில் அதுவும் கூடாது.

நவம்பர் 3, ஞாயிறு

குளிர்காலத்துக்காக விடிகாலை 2 மணிக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. போன் தானாகவே மாறிக்கொண்டது, மைக்ரோவேவ் மாறவில்லை. அம்மா ஊரில் காலைக் காபி முடித்து 7 மணிக்கு அழைப்பார். இங்கே இரவு 9.30. இனி 8.30, சாப்பாட்டு நேரம். "மணியை யாருடி மாத்தினா?" என்கிறார். மார்ச் வரை இப்படித்தான் என்றேன். "சரி, கையில சாதத்தோட பேசு."

நவம்பர் 9, சனி

நகராட்சி நூலகத்தில் அட்டை வாங்கினேன். பாஸ்போர்ட்டும் வீட்டு வாடகை ஒப்பந்தமும் காட்டினேன். சோஷியல் பற்றிப் பேச்சே இல்லை. இந்த ஊரில் முழுக்க என் பெயரில் வந்த முதல் பொருள், இவர் கையெழுத்து தேவைப்படாத ஒன்று. ஓட்டுநர் தேர்வுக்கான கையேட்டையும் எடுத்து வந்தேன்.

திரும்பும் வழியில் பெட்ரோல். நியூஜெர்சியில் நாமே பிடித்துக்கொள்ளச் சட்டம் விடாது. 1949 முதல் இதே கதை. மற்ற எல்லா மாநிலங்களிலும் நாமே பிடித்துக்கொள்ளலாம். பங்க் ஆள் வந்து "ஃபில்லா?" என்று கேட்க, இவர் சீட்டை விட்டு அசையாமல் தலையாட்டினார். கும்பகோணத்திலும் இப்படியேதான் உட்கார்ந்திருப்பார்.